கீழே என் பேர்

லாபம் என்ன என்றுதானே கேட்டீர்கள் சார்? ஒரே லாபம்தான். நிதானமாக, நாலு பேர் பார்க்க, ஒருத்தனைப் பழிவாங்கலாம்.

சிரிக்காதீர்கள். என் சட்டையில் ‘அலைத்தடம்’ என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நீங்களாகத்தான் கேட்டீர்கள், முகம் தெரியாத ஆட்களோடு சேர்ந்து சும்மா மென்பொருள் எழுதிக் கொடுப்பதில் என்ன கிடைக்கிறது என்று. நீங்கள் கம்பெனியில் எழுதுகிறவர், உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். மதுரை போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன். ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள். எனக்கு வெயில் ஆகாது. ராத்திரி வேலைக்காரன், இப்போதும் வேலை முடிந்து அப்படியே பஸ் ஏறியவன்தான்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி. அங்கே கம்ப்ரசர் ஓட்டுகிறேன். பேர் அருமைநாயகம். நான் ராத்திரி முழுக்கத் தண்ணீரை உறைய வைத்தால்தான் விடியக்காலம் படகுக்காரன் ஐஸை உடைத்து ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவான். காற்று பலமாக இருந்தால் படகு போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் வேண்டாம். உறைய வைத்ததெல்லாம் உருகிச் சாக்கடையில் போகும், முதலாளி என்னைப் பிடித்துக் கத்துவார். என்னமோ காற்றை நான் கூப்பிட்டு விட்ட மாதிரி.

அதனால் மறுநாள் காற்று எப்படி என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் நிரல் எழுதவே கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்ரசர் ஒரே சத்தமாக ஓடிக்கொண்டிருக்கும், பேச ஒரு மனிதன் இருக்க மாட்டான், போனைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். இணையத்தில் வானிலை விவரம் போடுகிற ஒரு பக்கத்திலிருந்து காற்றையும் அலையையும் எடுத்துத் தமிழில் காட்டுகிற சின்ன மென்பொருள். ‘காத்து’ என்று பேர் வைத்தேன். அடியில் பொடி எழுத்தில் ‘எழுதியது: அருமைநாயகம்’. அது என் சொந்தப் பெருமை. வேறு எங்கே சார் என் பேரை எழுதப்போகிறார்கள்?

சேர்மராஜ் அப்போது என் சேக்காளி. துறைமுகத்து வாசலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நான் வேலை முடிந்து வெளியே வருகிற நேரம் அவன் ஷட்டரைத் தூக்குகிற நேரம். எனக்கு அது ராத்திரிச் சாப்பாடு, அவனுக்குக் காலைச் சாப்பாடு. ஒரே கடை, ஒரே பெஞ்சு. பகலில் தூங்குகிறவனுக்கு வேறு எவன் சேக்காளியாகக் கிடைப்பான்? நான் எழுதிக்கொண்டு வருவேன், அவன் கடைக்கு வந்திருக்கிற போனில் எல்லாம் ஓட்டிப் பார்ப்பான். “அண்ணாச்சி, இந்தப் போனுல எழுத்து பிதுங்குது. பாத்து அடக்குங்க” என்பான். மீனவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்ததும் அவன்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஒரு நாள் அந்தோணி என்று ஒரு படகு டிரைவர் ஐஸ் ஏற்ற வந்தார். “அருமை, இதைப் பாத்தீரா? நம்ம சேர்மராஜ் செஞ்சிருக்கான். மூளைக்காரப் பய” என்று போனைக் காட்டினார். என்னுடைய ‘காத்து’தான். நீலக் கலர் அடித்திருக்கிறான், நங்கூரம் ஒன்று வரைந்திருக்கிறான். அடியில், நான் என் பேரைப் போட்டிருந்த அதே இடத்தில், ‘உருவாக்கம்: சேர்மராஜ்’.

நேராகக் கடைக்குப் போனேன். ஒரு போனைப் பிரித்து வைத்துச் சூடு வைத்துக்கொண்டிருந்தான். தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அண்ணாச்சி, ஐஸ் கம்பெனியில கம்ப்ரசர் ஓட்டுதவரு எழுதுனதுன்னு போட்டா, எவன் நம்பிக் கடலுக்குப் போவான்? கடைக்காரன் பேரு இருந்தாத்தான் நம்புதான். உங்க நல்லதுக்கும் சேத்துத்தான் செஞ்சேன்.”

கேட்டீர்களா? என் நல்லதுக்கு என் பேரை எடுத்திருக்கிறான். நிரலை நான் திறந்துதான் வைத்திருந்தேன் சார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூட விற்கலாம். ஒன்றே ஒன்றுதான், எழுதியவன் பேரை எடுக்கக் கூடாது. அந்த ஒன்றைத்தான் எடுத்தான்.

அன்றோடு அவன் பக்கத்தில் அந்தப் பெஞ்சில் உட்காருவதை விட்டேன். கேஸ் போடு என்றார்கள் சிலர். கேஸ் போட்டால் வக்கீலுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். எனக்கு அது போதாது. நன்றாக எழுதி, அவனுடையதை ஒருத்தன் போனிலும் இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று தனியாக உட்கார்ந்தேன். தனியாக முடியவில்லை. விதவிதமான போனில் ஓட்டிப் பார்க்கக் கடைக்கு எங்கே போவேன்? கடை அவனிடம் இருக்கிறது. ஒரு தடவை அந்த வானிலைப் பக்கத்தின் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். பகல் பூராவும் நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன். எழுந்து பார்த்தால் என் மென்பொருள் செத்துக் கிடக்கிறது.

அப்போதுதான் அலைத்தடத்தில் போய்ச் சேர்ந்தேன். கேரளக் கரை, நம் கரை, இலங்கைக் கரை என்று பல கடற்கரை ஆட்கள் சேர்ந்து எழுதுகிற பெரிய மென்பொருள். என் ‘காத்து’ செய்த வேலையைத்தான் இதுவும் செய்யும், இன்னும் பெரிதாக. பொதுநலம், சேவை, அதெல்லாம் அங்கே வேறு ஆட்கள் பேசுவார்கள். எனக்கு சேர்மராஜை நசுக்க ஆள் பலம் வேண்டும். அதற்குத்தான் போனேன். ஒளிக்கவில்லை.

தமிழ்ப் பகுதியைப் பார்த்துக்கொள்வது பருத்தித்துறைப் பெண் ஒருத்தி, துஷ்யந்தி. நான் முதலில் எழுதி அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். “அண்ணை, நல்லா இருக்கு. ஆனா ஒரே வேலையை மூண்டு இடத்தில செய்யிறியள். ஒண்டாக்கி அனுப்புங்கோ.”

எனக்கு எரிந்தது. நான் யார் தெரியுமா என்று எழுத எடுத்தேன். பிறகுதான் தோன்றியது, என் நிரலை ஒரு ஆள் வரி வரியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள். அதுவரைக்கும் ஒருத்தரும் படித்ததில்லை. சேர்மராஜ்கூட ஓட்டித்தான் பார்த்திருக்கிறான், படித்ததில்லை. சரி, ஒன்றாக்கி அனுப்பினேன். உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பாருங்கள், அந்த வானிலைப் பக்கம் மறுபடி மாறியது. வழக்கம்போல நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பதறிக்கொண்டு எழுந்தால், கொல்லத்துக்காரர் ஒருவர் மத்தியானமே சரிசெய்து முடித்துவிட்டார். நான் தூங்குகிற நேரத்தில் விழித்திருக்க அங்கே ஆள் இருந்தது சார். என் வீட்டில்கூட அப்படி யாரும் இருந்ததில்லை. சரி, அது வேறு கதை.

அங்கே எல்லாவிதமான ஆட்களும் உண்டு. திருச்சியில் ஞானப்பிரகாசம் என்று ஒருவர், பிறவியிலேயே கண் தெரியாது. கணினி வாய்விட்டுப் படிக்க, காதால் கேட்டுத்தான் நிரல் எழுதுவார். காற்று விவரத்தைப் போன் வாய்விட்டுச் சொல்கிற மாதிரி செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன், “கண்ணு தெரியாதவர் எந்தக் கடலுக்குங்க மீன் பிடிக்கப் போறாரு?” அவர் கோபப்படவில்லை. “கண்ணு தெரியறவங்க கையில வலை இருக்குமே சார். அப்ப எப்படிப் போனைப் பாப்பாங்க?” என்றார். எனக்கு வேறு வேலை இருந்தது.

அந்த வேலை நன்றாகவே நடந்தது. இந்தத் தடவை வானிலைப் பக்கம் மாறியது சேர்மராஜுக்குத் தெரியவில்லை. அவனுடைய நீலக் கலர் நங்கூரம் பழைய காற்றையே காட்டிக்கொண்டு நின்றது. அதை நம்பிப் போன ஒரு படகு, வலையெல்லாம் கிழிந்து, ஆட்கள் வாந்தியெடுத்துக்கொண்டு கரைக்கு வந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளே எல்லாரும் அவனுடையதை அழித்துவிட்டு அலைத்தடத்தை ஏற்றிக்கொண்டார்கள். அந்தோணி அவன் கடை வாசலில் நின்று அவன் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினாராம். நான் சந்தோஷப்படவில்லை. ஒரு டீக்கு இரண்டு டீ குடித்தேன், அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அருப்புக்கோட்டை வருகிறது போலிருக்கிறது. நீங்கள் இறங்க வேண்டாம், பை இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் போய் டீ வாங்கி வருகிறேன்.

இந்தாருங்கள். சர்க்கரை தூக்கலாகப் போட்டுவிட்டான். எங்கே விட்டேன்?

ஆ. ஒரு நாள் காலையில் வேலை முடிந்து பார்க்கிறேன், அலைத்தடத்துக்குப் புதிதாக ஒரு ஆள் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறான். பேர் சேர்மராஜ். பழைய போன்களில் எழுத்து பிதுங்காமல் இருக்க ஒரு திருத்தம். என்ன தைரியம் பாருங்கள். துஷ்யந்திக்கு உடனே எழுதினேன், இவன் திருடன், என் பேரை அழித்தவன், உள்ளே விடாதே என்று.

அவள் சொன்னாள், “அண்ணை, உங்களுக்கு நடந்தது சரியான அநியாயம்தான். ஆனா இஞ்ச ஆர் அனுப்பினது எண்டு பாக்கிறேல்லை. என்ன அனுப்பினது எண்டுதான் பாக்கிறது. உங்களுக்கு மனம் இல்லாட்டி விடுங்கோ, வேற ஆள் பாக்கட்டும்.”

வேறு ஆளா? அப்போதுதான் சார் எனக்குப் பொறி தட்டியது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதி அனுப்பினாலும், இன்னொரு ஆள் படித்து ஒத்துக்கொண்டால்தான் உள்ளே போகும். போகும்போது இரண்டு பேருடைய பேரும் ஏறும். மேலே எழுதியவர். கீழே பார்த்தவர். ஏறினால் ஏறியதுதான். உலகத்தில் எவன் பிரதி எடுத்தாலும் அந்த இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு கூடவே போகும்.

புரிகிறதா? என் பேரை எடுத்தவன். இனி அவன் ஒரு வரி எழுதினாலும் அதன் கீழே என் பேர் நிற்கும். அவன் பேரை எவன் பார்த்தாலும் என் பேரையும் பார்த்தாக வேண்டும். “நானே பாக்கேன்” என்று துஷ்யந்திக்கு எழுதினேன். “இனிமே இவன் அனுப்புதது எல்லாத்தையும் நான்தான் பாப்பேன். வேற யாரும் தொடக் கூடாது.”

உடனே ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். முதல் திருத்தத்தைத் திருப்பி அனுப்பினேன். இந்த இடத்தில் விளக்கம் இல்லை. திருத்தினான். மறுபடி திருப்பி அனுப்பினேன். இந்தப் பேர் பொருத்தமாக இல்லை. மாற்றினான். சின்னப் போனில் சோதித்தாயா? பெரிய போனில் சோதித்தாயா? போனைத் திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்? கடைக்காரன்தானே, ஓட்டிப் பார்க்கட்டும். எல்லாம் நாலு பேர் பார்க்கிற இடத்தில். முதலில் முறைப்பாகத்தான் பதில் எழுதினான், “வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா, திருத்தம் எடுக்கிறீர்களா?” என்று. பிறகு “சரி” என்று எழுதினான். பிறகு “சரி அண்ணாச்சி” என்று எழுதினான். அந்த அண்ணாச்சியைப் பார்த்ததும் இன்னொரு தடவை திருப்பி அனுப்பினேன்.

பைத்தியக்கார ஆட்கள் சார் அங்கே இருப்பவர்கள். என்ன நடக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. “அண்ணை, உங்கட பொறுமை ஆருக்கும் வராது. புதுசா வாற ஆக்களை நீங்கள் இரண்டு பேரும் எழுதினதைப் படிக்கச் சொல்லி அனுப்புறன்” என்றாள் துஷ்யந்தி. நான் ஒருத்தனைக் கொன்றுகொண்டிருக்கிறேன், இவள் அதைப் பாடமாக வைக்கிறாள். ஆனால் ஒன்று. திருத்தித் திருத்தி அவன் நன்றாக எழுத ஆரம்பித்துவிட்டான். அது எனக்கு இன்னும் வசதி. மட்டமான நிரலின் கீழே என் பேர் நின்றால் எனக்குத்தானே கேவலம்?

இப்படியே போயிற்று. வேலை முடிந்ததும் முதல் வேலை, அவன் என்ன அனுப்பியிருக்கிறான் என்று பார்ப்பது. அதே இட்லிக் கடையில்தான், ஆனால் நான் வேறு பெஞ்சு. எதிரே அவன் கடை ஷட்டர் தெரியும். அவனும் என்னைப் பார்ப்பான். பேச மாட்டோம். நான் போனில் அவன் நிரலைப் படித்துக்கொண்டே சாப்பிடுவேன். அவன் ஒன்றும் அனுப்பாத அன்றைக்கு இட்லி இறங்காது. பகை என்றால் அப்படித்தான் சார், விடாது.

கடைசியாக எதைக் கையில் எடுத்தான் தெரியுமா? ஞானப்பிரகாசம் சொல்லிக்கொண்டிருந்தாரே, காற்று விவரத்தை வாய்விட்டுச் சொல்வது, அதை. நான் சிரித்துத் தள்ளிய வேலையை எடுத்துச் செய்து எனக்குப் போட்டி காட்டுகிறான் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க? நல்ல வேலைதான். ஆனால் கவனம் இல்லை. வரிகள் கோணல்மாணலாக இருக்கும். போட்ட வரியையே திரும்பப் போட்டிருப்பான். கடைசியில், காற்றின் வேகம் சொல்ல வேண்டிய இடத்தில் அலையின் உயரத்தைக் கோத்துவிட்டான். அது போனால் என்ன ஆகும்? புயல் காற்றைத் தென்றல் என்று சொல்லும். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுதினேன். எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் எழுதினேன்.

“கண் தெரியவில்லையா?”

வழக்கமாக உடனே பதில் வரும். அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் பார்த்தால் கடை ஷட்டரும் தூக்கவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று நினைத்தேன். தோற்றுவிட்டான் என்றும் நினைத்தேன். ஆனால் என்னிடம் சொல்லாமல் எப்படித் தோற்பான்? துஷ்யந்தி கேட்டாள், “சேர்மராஜ் அண்ணையைக் காணேல்லை. உங்கட கூட்டாளிதானே, என்னெண்டு பாருங்கோவன்.” கூட்டாளியாம். யார் யாருக்குக் கூட்டாளி?

இட்லிக் கடைக்காரரிடம்தான் கேட்டேன். “உமக்குத் தெரியாதா வே? அவனுக்குச் சுகர் ஏறி ரெண்டு கண்ணுலயும் ரத்தம் கட்டிட்டு. ரொம்ப நாளா மங்கிக்கிட்டேதான் வந்திருக்கு, சொல்லாம இருந்திருக்கான். மதுரையில அக்கா வீட்டுல கெடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரான். இனி ரிப்பேர் வேலையெல்லாம் பாக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்களாம்” என்றார்.

நான் எழுதியது அப்படியே கிடக்கிறது. கண் தெரியவில்லையா என்று. அங்கே எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது.

ஒன்றுமில்லை. டீக் கப்பைக் கொடுங்கள், என் கப்போடு சேர்த்து வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புயல் காலம் வருகிறது, அலைத்தடத்தின் புதுப் பதிப்பு நாளைக்கு வெளியாகிறது. அவன் அனுப்பிய அந்த வாய்விட்டுச் சொல்கிற வேலை உள்ளே போகாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு பிழைதான் மிச்சம், அந்தக் காற்றும் அலையும். துஷ்யந்தி சொன்னாள், “நீங்களே திருத்திப் போட்டுவிடுங்கோ அண்ணை. இல்லாட்டி இந்தப் பதிப்பில விட்டுட்டுப் போவம்.” ஒரு நிமிஷ வேலை சார். தூக்கத்தில் செய்வேன். ஆனால் நான் திருத்தி நான் போட்டால் மேலே என் பேர் வரும். அவன் பேர் போய்விடும். இரண்டு பேரையும் சேர்த்து மேலே போடலாம் என்றாள். அவன் பக்கத்தில் நான் எதற்கு நிற்கிறேன்? எனக்குக் கீழேதான் வேண்டும். மேலே அவன் பேர் இல்லாவிட்டால், கீழே என் பேர் எதன் கீழே நிற்கும்? சொல்லுங்கள் பார்ப்போம்.

அதுதான் மதுரைக்குப் போகிறேன். இப்படிக் கண்ணைக் காட்டி என்னிடமிருந்து தப்பிவிடலாம் என்று பார்க்கிறான். விடுவேனா? ஞானப்பிரகாசத்துக்குப் போன் போட்டேன். நான் முன்பு கேட்டதையெல்லாம் அவர் ஞாபகம் வைத்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. இந்த வாரம் பூராவும், பகலில் நான் தூங்காமல், அவர் சொல்லச் சொல்ல ஒரு கணினியைத் தயார் செய்தேன். வரியை அது வாய்விட்டுப் படிக்கும், காதால் கேட்டு எழுதலாம். “சார், முதல்ல ரொம்ப வெறுப்பா இருக்கும் அவருக்கு. தூக்கிப் போடுவார். பக்கத்துல யாராவது இருக்கணும்” என்றார். “நான் இருப்பேன்” என்றேன். வெறுப்பாக இருப்பதைப் பார்க்கத்தானே போகிறேன்.

பை கனமாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள் இல்லையா, அந்தக் கணினியும் ஒரு ஹெட்போனும்தான். ஹெட்போன் நல்லதாகவே வாங்கினேன். நான் கொடுக்கிற வேதனை அவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். பைக்குள் மேலாக இருக்கிற பெட்டி மக்ரூன், எங்கள் ஊர் முந்திரி இனிப்பு. சுகர்க்காரனுக்கு எதற்கு மக்ரூன் என்று கேட்பீர்கள். அவனுக்கு இல்லை. அவன் திருத்தி முடிக்கிற வரைக்கும் அவன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நான் தின்னப்போகிறேன். மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது அவனுக்கு. இந்தாருங்கள், நீங்கள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. அக்கா வீடு எந்த வீடு என்று தெரியாது, இட்லிக் கடைக்காரர் சொன்ன தெருவில் தேடித்தான் போக வேண்டும். கூப்பிட்டால் அவன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். இன்றைக்கு முழுக்க இருக்கிறது. ராத்திரி வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஐஸ் வேண்டாம், எப்படியும் காற்று அடிக்கும்.

என் கையால் ஒரு எழுத்து மாற்ற மாட்டேன் சார். அவன்தான் கேட்க வேண்டும், அவன்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவன் விரலால்தான் திருத்த வேண்டும். தப்பாகத் திருத்தினால் திருப்பி அனுப்புவேன். பக்கத்திலேயே உட்கார்ந்து திருப்பி அனுப்புவேன். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். பார்த்து. அமுங்கக் கூடாது.